எட்டாம் நம்பர் ஸ்பேனரும் ஐந்து எம்.எம். போல்ட்டும்

சனிக்கிழமை காலை பத்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு நீல வாளி. அது நிறைய நட்டுகள், மேலே எண்ணெய்ப் பளபளப்பு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், காய்கறிக் கடைகளைத் தாண்டியிருந்த ஒரு ஹார்ட்வேர் கடையின் வாசல். ஆங் மோ கியோவிலிருந்து நானும் கணவரும் சைக்கிளிலேயே வந்திருந்தோம். என் பையிலிருந்து, சைக்கிளின் பின்னால் மாட்ட வாங்கிய கேரியரின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அது யாரோ பயன்படுத்தி விற்றது; மாட்டுவதற்கு ஒரு திருகுகூட அதோடு வரவில்லை.

மறுநாள் சாங்கியில் படகேறி, மலேசியாவின் பெங்கெராங்கில் இறங்கி, கடலோரமாக மூன்று நாள் ஓட்டுவது திட்டம். பல வருடமாகப் பேச்சிலேயே இருந்த பயணம். கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து பை சுமக்கவோ பாரம் ஏற்றி மிதிக்கவோ கூடாது. சாமான் முழுவதும் என் வண்டியில்தான் ஏற வேண்டும். கேரியர் நிற்காவிட்டால் பயணம் இல்லை.

"எட்டு எம்.எம். போல்ட் வேணும், பாய்" என்றேன். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

கடைக்காரர் எடுத்து வைத்தது என் சுண்டுவிரல் தடிமன் இருந்தது.

"சைக்கிளுக்கா? இது இரும்புக் கதவுக்குப் போடறதும்மா."

"அளந்துதான் எழுதினேன்."

"எத வச்சு?"

"ஸ்பேனர் வச்சு. மட்கார்டு போல்ட்டுல எட்டாம் நம்பர் கரெக்டா உட்கார்ந்துச்சு."

"அது தலையோட சைஸ். உடம்பு அஞ்சுதான்."

"இருபது வருஷம் நியூஸ்பேப்பர் ஆபீஸ்ல மத்தவங்க எழுதின நம்பரத் திருத்தினவங்க பாய் இவங்க" என்றார் கணவர்.

"பரவால்ல லா. தலைய அளந்துட்டு தினம் ரெண்டு பேர் வராங்க."

நடைபாதையில் நிறுத்தியிருந்த வண்டியிடம் கடைக்காரரே வந்து குனிந்தார். பின்சக்கரத்தருகே இருந்த ஓட்டைகளில் ஐந்து எம்.எம். போல்ட் வெறும் விரலாலேயே உள்ளே போனது. சங்கிலிப் பக்கம் மட்டும் போல்ட்டின் நுனி உள்ளே நீட்டி, சங்கிலியில் டிக் டிக் என்று தட்டியது. அதைக் கழற்றிவிட்டுக் குட்டையானது ஒன்றைப் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றினார். சத்தம் இல்லை.

கேரியரின் மேல்முனைகளைப் பிடிக்க என் வண்டியில் ஓட்டை கிடையாது. குழாயைச் சுற்றிப் பிடிக்கும், ரப்பர் உறையிட்ட இரண்டு கிளிப்புகளைக் கொண்டுவந்தார். ஒன்றை அவர் மாட்டுவதற்குள் மற்றதை நான் மாட்டிவிட்டேன்.

"கடலோரமா போறோம்னு சொல்றீங்க, உப்புக் காத்துல துருப்பிடிக்கும். எல்லாமே ஸ்டெயின்லெஸ் போட்டுக்கங்க. நட்டு நைலான் வச்சது எடுங்க, ஆட்டத்துல கழறாது."

இறுக்கி முடித்ததும் கேரியர்மேல் இரு கைகளையும் ஊன்றி முழு எடையையும் கொடுத்தார். அது அசையவில்லை. நானும் ஊன்றிப் பார்த்தேன். கணவரும் கையை நீட்டினார்.

"நீங்க வேணாம், முதுகு" என்றேன்.

"கைதானே வைக்கிறேன்."

மறுநாள் காலை, இரண்டு பைகளையும் கேரியரில் கட்டிக்கொண்டு படகுத்துறையில் நின்றோம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகை எடுப்பார்கள்; பன்னிரண்டாவது ஆள் வந்ததும், ஏழு பத்துக்குப் படகு கிளம்பியது.