முதலில் ஆட்டம், பிறகு சாப்பாடு

அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வாளியம்மா. பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலைச் சமையலறையில் எண்ணூறு பேருக்குக் கிண்டிப் போட்டுவிட்டு வந்தவர். தட்டு கழுவும் இடத்தில் இருக்கும் எச்சில் வாளியை எட்டிப் பார்க்காமல் அவருக்குப் பொழுது போகாது.

வாளியில் தினமும் காரட்டும் பீன்ஸும் மிதந்தன. இத்தனைக்கும் வாரம் இரண்டு வகுப்பு சத்துணவுப் பாடம் நடந்தது. காரட்டில் என்ன இருக்கிறது என்று அறிவியல் டீச்சர் கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் "வைட்டமின் ஏ" என்பார்கள் பிள்ளைகள். சொன்ன கையோடு அதை வாளியில் கொட்டிவிட்டு மைதானத்துக்கு ஓடுவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். வாளியம்மா உப்பைக் கூட்டினார், குறைத்தார்; நீளமாக நறுக்கினார், பொடியாக நறுக்கினார். ஒன்றும் எடுபடவில்லை.

ஒருநாள் பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் பிள்ளைகளை விளையாட அனுப்பினார்கள். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பியவர்கள் தட்டை வழித்துத் தின்றார்கள். வாளியில் நாலு துண்டு பீன்ஸ்தான் கிடந்தது.

"இன்னிக்கு என் கைப்பக்குவம் அப்படி அமைஞ்சு வந்துடுச்சுங்க," என்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் பூரித்துச் சொன்னார்.

பஸ் ஓட்டுநரான அவர் சிரித்தார். "கைப்பக்குவமாவது ஒண்ணாவது. ஓடியாடிட்டு வந்திருக்குதுங்க. பசி ருசி அறியாதும்மா."

வாளியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் உள்ளே பொறி தட்டியது.

மறுநாள் வழக்கம்போல வாளி நிறைந்ததும், அதைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"விளையாட்டு மணியை முன்னாடி அடிங்க டீச்சர். சாப்பாட்டை அப்புறம் வச்சுக்கலாம். எப்படா ஓடுவோம்னு அரைகுறையா முழுங்கிட்டு எந்திரிக்குதுங்க."

"சமையல் உங்க வேலை, மணி என் வேலை. இருபது வருஷமா இப்படித்தான் நடக்குது."

"இருபது வருஷமா இதுவும் நிறையுதே டீச்சர்."

தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்துவிட்டார். "சரி, ஒரு வாரம் பார்ப்போம். முதல்ல இதை வெளியே கொண்டு போங்க."

முதல் நாளே கூத்து. புழுதிக் கையோடு முந்நூறு பேர் இரண்டு குழாயடியில் முண்டியடித்தார்கள். அறிவியல் டீச்சர் ஓடிவந்து, சோப்பும் கையுமாகக் குழாயடியில் நின்று வரிசை கட்டவைத்தார். அந்த வாரம் முழுக்க வாளியின் அடி தெரிந்தது. இரண்டாம் வாரத்தில் இன்னும் நாலு குழாய் வந்தது. மதியம் வயிற்றுவலி என்று வகுப்பில் சுருண்டு கிடப்பவர்கள் குறைந்தார்கள். பழைய மணிக்கு யாரும் திரும்பவில்லை.

அதன்பிறகு அறிவியல் டீச்சர் ஒரு பாடத்துக்கு வாளியம்மாவையும் அழைத்தார். ஒரு வாண்டு எழுந்து, "உங்களுக்குப் பிடிக்காத காய் எது?" என்று கேட்டது.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பீட்ரூட்," என்றார்.

"அப்ப நீங்களும் ஓடிட்டு வந்து சாப்பிடுங்க."

மறுநாள் பிள்ளைகள் புடைசூழ வாளியம்மா மைதானத்தில் ஓடினார். பிறகு மூச்சிரைக்க உட்கார்ந்து, தட்டில் வைத்த பீட்ரூட்டில் பாதியைச் சாப்பிட்டார். மீதி என்னாயிற்று என்று டீச்சர் கேட்டதற்கு, "அரைச் சுத்துதானே ஓடினேன்," என்றார்.