குப்பிக்குள் சொன்ன பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாதத்தில், பந்தலூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் நடந்தது இது. தேதி, கிழமை, நேரம் எல்லாம் என்னிடம் குறிப்பாக இருக்கிறது. அதை இங்கே எழுதினால் அந்தப் பக்கத்துக்காரர்கள் தொழிலாளர் வரிசைவீடுகளில் இன்ன லயம், இன்ன வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தேதி போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. இதுதான் முதல் தடவை.

நான் குன்னூரில் இருக்கிறேன். ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீலகிரியில் எது எப்போது நடந்தது என்று திரட்டி வைப்பது என் பொழுதுபோக்கு. கல்லறைக் கல், ஃபேக்டரி வாசலில் பதித்த வருடம், பழைய பள்ளிக்கூட மணியில் வார்த்திருக்கும் எழுத்து, எதையும் விடமாட்டேன். கூடவே மானுடவியல், தொல்லியல் என்று கையில் கிடைக்கும் புத்தகங்களையெல்லாம் வாசிப்பேன்.

சனிக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் ஒருவர் வீட்டில் கூடி, வாசித்ததைப் பேசுவோம். பேச்சு என்றால் பெரும்பாலும் சண்டைதான். மனிதர்களைப் பற்றிய படிப்பு அறிவியலா, இல்லையா? எங்களில் ஒருவர் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். ஒரு சடங்கையோ ஒரு புதைகுழியையோ அளந்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது, அந்த மனிதர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று அவர்கள் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் அளவுகோல் கட்சி. அளக்க வேண்டும், ஒப்பிட வேண்டும், தப்பென்றால் தப்பென்று காட்ட முடிய வேண்டும். மற்றதெல்லாம் கதை.

"கதை வருசத்துக்கு ஒருக்கா மாறுமுங்க சார். எச்சில் மாறாது" என்பேன்.

"எங்கிருந்து வந்தீங்கன்னு எச்சில் சொல்லுமுங்க. எதுக்கு வந்தீங்கன்னு சொல்லுமா?" என்பார் அவர்.

"அதைப் பாட்டுக் கட்டறவங்ககிட்டக் கேளுங்க" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

எச்சில் பேச்சுக்கு வந்ததற்குக் காரணம், அந்த மாதம் எங்களைத் தேடி வந்த ஓர் ஆராய்ச்சி மாணவி. இந்த மலைக்கு வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்த மக்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, யார் யாருக்கு எவ்வளவு தூரத்து உறவு என்று கணக்கிடுவது அவளுடைய ஆய்வு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து இரு நாட்டு ஒப்பந்தப்படி திரும்பி வந்த குடும்பங்களின் எச்சில் மாதிரி மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் தர மறுத்தார்கள். எனக்கு ஆளைத் தெரியும் என்று நான்தான் முன்னால் போய் நின்றேன்.

எனக்குத் தெரிந்த அந்த ஆள் ஒரு கொழுந்து பறிக்கும் பெண். என்னைவிடச் சில வயது இளையவர். எழுபதுகளில், சிறுமியாக, பெற்றோருடன் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு பந்தலூர் வந்தவர். அவருடைய கதையை முன்பே இரண்டு முறை கேட்டு எழுதியிருக்கிறேன். வந்த வருடத்தை அவர் தவறாகச் சொன்னதையும், அவர் வீட்டுப் பழைய தாள்களைப் பார்த்து நான் திருத்தியதையும் சனிக்கிழமைக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கதையில் ஓர் அக்கா உண்டு. அவளுக்கு அங்கேயே வேறு தோட்டத்தில் கல்யாணமாகிவிட்டதால் அவள் பெயர் அந்த நாட்டுக் குடியுரிமைப் பட்டியலில் போய்விட்டது. இவர்கள் கிளம்பியபோது அவள் வழியனுப்பவும் வரவில்லை, தகவல் போய்ச் சேரவில்லை. சில வருடங்கள் கடிதம் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அதுவும் இல்லை.

நானும் மாணவியும் போன அன்று, வேலை முடிந்து வந்த பெண்கள், மாதிரி எடுக்க இடம் கேட்டிருந்த எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தின் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். உள்ளே வரவில்லை.

"எச்சிய எடுத்து என்னா பண்ணப்போறீங்க? மறுபடி கப்பல் ஏத்தவா?" என்றாள் ஒருத்தி.

"ஒன்னைய ஏத்துனா கப்பலு முழுகிரும் புள்ள" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்களே தவிர யாரும் நகரவில்லை.

மாணவி ஒழுங்காகத்தான் விளக்கினாள். பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். தனித்தனியாக யாருக்கும் முடிவு வராது. இது எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு. படிவத்திலும் அது இருந்தது. இதில் அவள்மீது எந்தத் தப்பும் கிடையாது. சொல்லிவிட்டு அவள் குப்பிகளை எடுக்க உள்ளே போனாள்.

அப்போதுதான் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏங்கக்கா, இத வச்சு ரெண்டு பேரு ஒரே வயித்துல பொறந்தவங்களான்னு கண்டுபுடிச்சிருவாங்களா?"

"கண்டுபிடிக்கலாமுங்க. இப்ப அதெல்லாம் அவ்வளவு துல்லியமா வந்திருச்சு" என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. அறிவியல்படி சரிதான். ஆனால் அவர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றும் தெரியும். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "இந்த ஆய்வு அதுக்கில்லைங்க" என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாசலில் நின்ற கூட்டத்தையும், குன்னூரிலிருந்து அவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி வந்ததையும் நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார். "வாங்கடி எல்லாம். விட்டுட்டு வந்தவங்கள இதுல கண்டுபுடிக்கலாமாம். அக்காவே சொல்றாங்க."

ஒவ்வொருத்தராக வந்தார்கள். அங்கே யாரையாவது விட்டுவிட்டு வராத குடும்பமே அந்த லயத்தில் இல்லை.

துப்புவதற்கு அரைமணி நேரம் முன்பு வாயில் எதுவும் போடக்கூடாது என்று மாணவி சொன்னதும் அவர் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, மூன்று தடவை வாய் கொப்பளித்தார். தன் முறை வந்தபோது குப்பியை வாங்கி உதட்டருகே வைத்துக்கொண்டு, துப்புவதற்கு முன்னால், அதற்குள் தன் அக்காவின் பெயரைச் சொன்னார். மெதுவாக, தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி இழுத்துச் சொன்னார். பிறகு துப்பி, மூடியை அவரே திருகினார்.

நான் மாணவியைப் பார்த்துப் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அன்று இரவு என் குறிப்பேட்டில் போன பஸ், வந்த பஸ், வெயில், எத்தனை பேர் என்பதெல்லாம் எழுதினேன். அவர் கேட்ட கேள்வியை மட்டும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு அவர் அவ்வப்போது போன் செய்தார். "வந்திருச்சுங்களா அக்கா?" என்பார். "இன்னும் இல்லைங்க, நாளாகுமுங்க" என்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுப்பேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவேன்.

மறு வருடம் ஆகஸ்டில் ஆய்வுக் கட்டுரை வெளியானது. மாணவி அனுப்பியிருந்தாள். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். சனிக்கிழமை அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கல்லூரி ஆசிரியர் முழுவதும் படித்துவிட்டு, "இந்தப் படத்தில இருக்கற புள்ளியெல்லாம் யாருங்க?" என்று கேட்டார். கிண்டலாகக்கூட அல்ல, சாதாரணமாகத்தான் கேட்டார். கட்டுரையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பந்தலூருக்குப் பஸ் ஏறினேன்.

நல்ல மழை. அந்தப் பெண்ணின் வீட்டில் பாதிச் சாமான்கள் மூட்டையாகக் கட்டியிருந்தன. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் ஒரு வருடமாகக் கூப்பிடுகிறானாம். வேலையிலிருந்தும் ஓய்வு வந்துவிட்டது, லயத்தைக் காலி செய்யச் சொல்கிறார்களாம். "பேரப்புள்ள பொறந்ததுக்குக்கூட ரெண்டு நாளுதான் போயிட்டு வந்தேன். நான் மாறிப் போயிட்டா, தகவல் வந்து இங்க தேடுமேன்னுதான் இருக்கேன்" என்றார்.

தட்டில் முறுக்கு வைத்தார். வெற்றிலைப் பை எங்கே என்று கேட்டேன், எதையாவது பேச வேண்டுமே என்று.

"அன்னைக்கே விட்டாச்சுங்கக்கா. மறுபடி எடுக்கணும்னு கூப்புட்டா வாய் சுத்தமா இருக்கணும்ல?"

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. கட்டுரையின் படத்தை எடுத்துக் காட்டினேன். வண்ண வண்ணப் புள்ளிகள், புள்ளிக்கு ஓர் ஆள்.

"இதுல நான் எது?"

"தெரியாதுங்க. யாருக்குமே தெரியாது."

"அக்கா எது?"

அவருடைய அக்கா இதில் இல்லை, அந்த நாட்டுக்கு யாரும் போகவே இல்லை, இது ஆள் தேடுகிற ஆய்வே இல்லை என்று சொன்னேன். அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். கோபித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் தயாராக இருந்தேன். அவர் எழுந்து குடையை எடுத்தார்.

"எந்திரிங்க."

"எங்கேங்க?"

"எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போயிரலாம்னு பாக்குறீங்களா? உங்க பேச்ச நம்பி அத்தன பேத்தையும் கூட்டியாந்தது நானு. இன்னைக்கும் குழாயடியில என்னையத்தான் கேக்குறாங்க. வந்து உங்க வாயால சொல்லுங்க."

வீடு வீடாகக் கூட்டிப்போனார். ஒவ்வொரு வாசலிலும் "ரிசல்ட் வந்திருச்சு, அக்கா சொல்வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். ஒவ்வொரு வாசலிலும் நான் முதலிலிருந்து சொன்னேன். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் நான் சொல்வதில் அறிவியல் வார்த்தைகள் எல்லாம் உதிர்ந்துபோய், "நான் உங்களை ஏமாத்திட்டேனுங்க" என்பது மட்டும் மிச்சமிருந்தது. ஒருத்தி, "நான் அப்பவே நெனச்சேன்" என்று கதவைச் சாத்தினாள். தம்பியை விட்டு வந்த ஒரு பெரியவர், "அப்ப என் எச்சியத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசி வாசலில், அன்று பையை வாங்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் அவர் கை நீட்டினார். "வெத்தல இருந்தாக் குடு புள்ள." அங்கேயே நின்று சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை என்னுடன் வந்தார்.

பஸ் வந்தபோது, "நான் எப்படியாவது தேடிப் பாக்கறேனுங்க" என்றேன்.

"தேடுனா எங்கிட்டச் சொல்லாதீங்க" என்றார். "கெடச்சா மட்டும் சொல்லுங்க."

பெரியவர் கேட்டதை மாணவிக்கு எழுதினேன். அவளுக்கும் வருத்தம்தான். பெயர்களை அப்போதே நீக்கிவிட்டதால் எது யாருடையது என்று இனிப் பிரித்தெடுக்க முடியாது, எல்லாம் உறைநிலையில் பத்திரமாக இருக்கும் என்று பதில் எழுதினாள். அந்தப் பெண் அடுத்த மாதம் திருப்பூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். என் போனுக்கு அவரிடமிருந்து அழைப்பு வருவதில்லை. கடலுக்கு அக்கரையில் தெரிந்தவர், தெரியாதவர் என்று அவருடைய அக்காவை விசாரித்து நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமைச் சண்டையில் நான் இப்போதும் அளவுகோல் கட்சிதான். ஆனால் எச்சில் மாறாது என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், ஏதோ ஓர் ஊரின் குளிர்பெட்டியில், எண் மட்டும் ஒட்டிய ஒரு குப்பிக்குள், ஒரு தங்கை தன் அக்காவைக் கூப்பிட்டு மூடி வைத்த குரல் இருப்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொள்கிறேன்.