வீடு கட்டி முடித்த தேதி

எண்பத்தேழாம் வருஷம், மே மாதம். அப்போது நான் காரைக்கால் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறியிருந்தோம். அடுத்ததாகப் போனால் சொந்த வீட்டுக்குத்தான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வீட்டுக் கடனும் கிடைக்கும் என்று ஆனது.

திருநள்ளாறு போகும் சாலையில், ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு புது வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் கிணறு. சுண்ணாம்பு வாசனைகூட இன்னும் போகவில்லை. வீட்டுக்காரர் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தவர், கத்தோலிக்கக் குடும்பம். வயதில் என்னைவிட ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். என்னை அக்கா என்றே கூப்பிட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை. மனைவி மார்ச் மாதம் இதே வீட்டில் இறந்துவிட்டாள், ஐந்து வயது மகள் மாமியார் வீட்டில் இருக்கிறாள், தன்னால் இங்கே தனியாக இருக்க முடியவில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் என் கணவர், "புது வீட்டுல மொதல்ல நடந்ததே சாவா? நமக்கு வேணாமே" என்றார். எனக்கோ வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. கூடவே என் மூளை வேறு மாதிரி வேலை செய்தது. மறுநாள் தனியாகப் போனேன். "சாவு விழுந்த வீடுங்க. எங்க சொந்தக்காரங்க கால் வைக்க யோசிப்பாங்க. நீங்கதான் பாத்துக் கொறைக்கணும்" என்றேன். அவர் பேரம் பேசவில்லை. சரிங்க என்று மட்டும் சொன்னார். சாமர்த்தியமாக முடித்துவிட்டேன் என்ற மிதப்பில் அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வரிச் சலுகை என்றால் எனக்குக் காது தனியாக நீளும். இன்ஷூரன்ஸ் ரசீது, சேமிப்புப் பத்திரம் என்று ஒன்றையும் விடமாட்டேன். ஆபீசில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதே நான்தான். அப்படிப்பட்ட எனக்கு, எங்கள் அக்கவுண்டன்ட் அந்த வாரம் ஒரு செய்தி சொன்னார். வீட்டுக் கடனில் திருப்பிக் கட்டும் அசலுக்கு இனிமேல் வருமான வரியில் கழிவு உண்டாம். ஆனால் அந்த மார்ச் மாதம் கழிந்த பிறகு கட்டி முடித்த வீடாக இருக்க வேண்டுமாம். நாங்கள் பேசி வைத்திருந்த வீடோ பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. இப்படிக் கோட்டை விட்டுவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கவுண்டன்ட்டே வழியும் சொன்னார். "கட்டி முடிச்சாச்சுன்னு அவரு இன்னும் கொம்யூன் பஞ்சாயத்துல எழுதிக் குடுக்கலைல்ல? சுத்துச்சுவரு பூச்சு ஏப்ரல்லதான் முடிஞ்சுதுன்னு நீதானே சொன்ன. அந்தத் தேதியப் போட்டு எழுதி வாங்கும்மா."

வீட்டுக்காரர் சிரமப்படக் கூடாதென்று, எங்கள் ஊர் உள்ளாட்சி ஆபீசான கொம்யூனுக்கு அவர் எழுதுவதுபோல் கடிதத்தை நானே எழுதினேன். மேற்படி வீடு ஏப்ரல் மாதத்தில்தான் கட்டி முடிக்கப்பட்டது, அதற்கு முன் அதில் எவரும் குடியிருக்கவில்லை. கடைசி வரியை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. பின்னால் ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று நானாகச் சேர்த்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மிச்சச் சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தை விளக்கி, உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஒரு கையெழுத்துதான் என்று கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"அக்கா, வெல பேசுறப்ப சாவு விழுந்த வீடுன்னீங்க. நானும் கொறச்சுக்கிட்டேன். இப்ப இதுல யாருமே குடியிருக்கலன்னு எழுதியிருக்கீங்க. அப்ப அவ எங்கக்கா செத்தா?"

அவர் கோபப்படவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் போலத்தான் கேட்டார்.

பிறகு அவராகவே சொன்னார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்துவிட்டார்களாம். ஒரு நாளாவது நம்ம வீட்டில் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவள் கேட்டிருக்கிறாள். சுற்றுச்சுவரை அப்படியே விட்டுவிட்டு, ஆள் மேல் ஆள் வைத்து வீட்டை மட்டும் முடித்திருக்கிறார். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரித்த அன்று, அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

"இருவத்தாறு நாளு இருந்தா, அக்கா. மொத வாரம் செவுத்தப் புடிச்சிக்கிட்டு எந்திரிச்சு அவளே காப்பி போட்டா. நம்ம அடுப்பு, நம்ம அடுப்புன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டு வெளியே வந்திருப்பேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "பேனா குடுங்க, போட்டுர்றேன். நீங்களும் வேணாம்னுட்டா இத வாங்குறதுக்கு ஆளு இல்ல. வைத்தியத்துக்கு வாங்குன கடன அடைக்கணும்."

பேனாவுக்காகப் பைக்குள் போன என் கை அங்கேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லாத ஒரு மனிதரிடம், மனைவி அந்த வீட்டில் வாழ்ந்ததையே இல்லையென்று எழுதி வாங்க வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன். "உள்ள தேதியவே போட்டுக் குடுங்க. வீட்ட நாங்கதான் வாங்கிக்கிறோம். என்ன மன்னிச்சிருங்க" என்றேன். அழுதேன் என்றும் சொல்லத்தான் வேண்டும்.

குறைத்த விலையைக் கூட்டிக் கொடுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொடுக்கவில்லை. கிடைத்த கடன் அவ்வளவுதான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த வாரம் கொம்யூன் ஆபீசுக்கு நானும் அவரோடு போனேன். பிப்ரவரி என்று போட்டுச் சான்று கொடுத்தார்கள். அக்கவுண்டன்ட் என்னைப் பிழைக்கத் தெரியாதவள் என்றார். அந்தக் கழிவு எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மற்றவர்களின் படிவத்தில் அந்த இடத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, என்னுடையதில் காலியாக விட்டுவிடுவேன்.

அந்த வீட்டு அடுப்பில் முதல் காப்பி போட்டவள் நான் இல்லை. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று என் கையாலேயே எழுதியவள் நான்.