திருப்பத்தைத் தவறவிட்ட விமானி

என் தங்கையின் கணவர் விமானி. நான் மதுரையில் வாங்கிய புதுக் காரைக் காரைக்குடிக்கு அவர்தான் ஓட்டி வந்தார். பிள்ளையார்பட்டி திருப்பம் கண்ணெதிரே வந்தபிறகுதான் பூஜை போட வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

“மாப்பிள்ளை, இங்குட்டுத் திரும்புங்க!” என்று கத்தினேன். அவர் பிரேக்கைக்கூடத் தொடாமல் நேரே போய்விட்டார். புதுக் கார் பிள்ளையாரைத் தாண்டிப் போகிறதே என்று எனக்குச் சுருக்கென்றது.

சற்றுத் தள்ளி, கண்ணாடியைப் பார்த்து நிதானமாகத் திருப்பினார். “கோவிச்சுக்காதீக மச்சான். பழக்கம் அப்படி. நாங்க இறங்கப்போற நேரத்துல கீழே கட்டுப்பாட்டு அறையில இருந்து ஓடுபாதைய மாத்தச் சொல்லுவாக. எல்லாத்தையும் மறுபடி சரிபார்க்க நேரமிருந்தாத்தான் ஒத்துக்குவோம். இல்லாட்டி மேலே ஏறி, சுத்திக்கிட்டு வருவோம்.”

எனக்குக் கோபம் போய் ஆர்வம் வந்துவிட்டது. “அத யாரு முடிவு பண்றது? நீங்களா?”

“ஓட்டுற ரெண்டு பேருல யாரு சொன்னாலும் சரி. பக்கத்துல இருக்கவரு ‘ஏறுங்க’ன்னா, ஏன்னு கேக்காம ஏறிருவேன். காரணமெல்லாம் மேலே போய்ப் பேசிக்கலாம்.”

“வீட்டுக்குப் போற அவசரத்துல இருக்கவுக திட்ட மாட்டாகளா?”

“திட்டுவாக மச்சான். திட்டுறதுக்கு ஆள் இருக்கணும்ல?”