வெந்நீர் ஊற்றுப் பாசி

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலா பிலா போகும் பஸ் பழுதாகி, எஸ்டேட் ஓரத்து வெந்நீர் ஊற்றருகே நிற்கிறது. மகன் ஒரு சீனப் பெண்ணை விரும்புகிறான். அவசரமாக அவனுக்குச் சொந்தத்தில் பெண் கேட்கப் போகிறேன். ஊற்றில் ஒரு கல்லூரிப் பெண் பாசி அள்ளுகிறாள். எதற்கென்று, அங்கே முட்டை அவித்து விற்பவரிடம் கேட்கிறேன்.

"அதுல கிருமி இருக்காம்ணே. இந்தச் சூட்டத் தாங்குற குணத்த பெத்தவங்ககிட்ட மட்டும் வாங்கலையாம். பக்கத்துல கெடக்குற வேற இனத்துக்கிட்டயும் வாங்கிக்குதாம்லா."

"பெத்தவங்க ஒத்துக்குவாங்களா?"

"அதுங்கள யாருண்ணே கேட்டா? வாங்காட்டி வெந்துல்ல போவும்."

பழுது சரியாகி பஸ் கிளம்புகிறது. நான் ஏறவில்லை. பெண் கேட்கக் கொண்டுவந்த வெற்றிலை பாக்கை அவரிடமே கொடுத்துவிட்டு, வீடு திரும்ப சிரம்பான் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

மருமகள் மேய் லிங்கின் பேனாவால் எழுதியது, 9.6.1991.