அக்கா முந்தி எடுத்த ஞாயிறு

"ஆறைக் கூட்டும், ரஜி. அவ்வளவுதான்."

லைன் போடும் வேலையில் என் முதலாளி ஊர்ஸ் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. நியூயோர்க்கில் ஒரு மணிக்கு மேட்ச் என்றால் இங்கே ஏழு மணி. ஊர்ஸ் கதைப்பது சுவிஸ் ஜெர்மன். இங்கே அதை எங்கள் தமிழில் தருகிறேன், அவர் கோபிக்கமாட்டார்.

சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில், ஒரு கார் கராஜுக்கு மேலே எங்கள் அலுவலகம். வெளிநாட்டுப் பந்தய நிறுவனங்களுக்கு லைன் கணித்துக் கொடுப்பது தொழில். ஓர் அணி பலசாலி என்று ஊருக்கே தெரிந்தால் பந்தயத்தில் சுவை இல்லை. அதனால் பலசாலியின் தலையில் ஒரு சுமையை வைப்போம், அந்த எண்தான் லைன். ஏழரை என்றால், எட்டுப் புள்ளியாவது கூடுதலாக எடுத்து வென்றால்தான் அவர்கள்மேல் கட்டியவருக்குக் காசு. ஏழரையைத் திரையில் கண்டாலே எனக்குச் சனீஸ்வரன் ஞாபகம் வரும். ஆனால் அமெரிக்க ஃபுட்போலில் அவரைத் தவிர்க்க வழியில்லை. ஆறு புள்ளி தரும் ஒரு டச்டவுனும் அதற்குப் பிறகு வரும் உதையும் சேர்ந்தால் ஏழு, சமநிலை வராமலிருக்க மேலே ஓர் அரை.

மேட்ச் தொடங்கியதும் லைன் மூடியிருக்க வேண்டும். திறந்து கிடந்தால், டிவியைப் பார்த்துவிட்டுக் கட்டுபவர்கள் எங்களை மொட்டையடித்துவிடுவார்கள்.

சீசனின் நடுப்பகுதிதான் எனக்குப் பிடித்த காலம். அதற்குள் எல்லா அணிகளின் சாயமும் வெளுத்திருக்கும். யாருக்கு முழங்காலில் காயம், யாருக்கு ஓய்வு வாரம் என்று எண்கள் கிழமை முழுக்க ஏறி இறங்கும். அந்த வருடம் எனக்கு புரோபெட்சைட், அதாவது வேலை நிரந்தரமாகுமா என்று பார்க்கும் காலம். ஃபுட்போல் தெரிந்த ஆள் கோடையில் விலகிவிட்டார். ஊர்ஸ் ஐஸ் ஹொக்கிக்காரர். ஆகவே முழுப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு முதன்முறையாகத் தனியாக இருந்தேன். ஊர்ஸ் மனைவியோடு எங்கடின் மலைப்பக்கம் புறப்பட்டிருந்தார். போகமுன் ஒரு சட்டம் போட்டார்: "எண்ணை நீர் அசைக்கலாம். மூடுற நேரத்தில மட்டும் என்னைக் கேக்காமல் கை வைக்காதையும்." கை வைத்து வேலையை இழந்த ஒருவரின் கதையையும் கூடவே சொன்னார்.

அன்று காலைதான் இங்கே குளிர்கால நேரம் தொடங்கியது. ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கிய சந்தோசத்தில் வந்து, எல்லா மேட்சுக்கும் ஆறைக் கூட்டி மூடும் நேரம் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு என் போன் அடித்தது: அக்கா எடுக்கிறா.

அக்கா டொராண்டோவில் ஓர் ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் வேலை செய்தா. ஞாயிறுதோறும் பிரேக்கில் எனக்கு எடுப்பா. இங்கே அது நாலு மணி. அந்த மணியடித்தால்தான் நான் தேத்தண்ணி போடுவேன்.

"ஏன் அக்கா, இண்டைக்கு வெள்ளன எடுத்திட்டீங்கள்?"

"வெள்ளனவோ? என்ர பிரேக் எப்பவும் பத்து மணிக்குத்தானே. சூப்பர்வைசர் என்ன எனக்கு மச்சாளே, நினைச்ச நேரம் விட?"

"அங்க இப்ப பத்தோ?"

"ஓம். ஏன், உங்கட மணிக்கூட்டுக்கு என்ன வந்தது?"

நாங்கள் மணிக்கூட்டை மாற்றிவிட்டோம். கனடாவும் அமெரிக்காவும் அடுத்த ஞாயிறுதான் மாற்றும். இந்த ஒரு கிழமைக்கு ஆறு இல்லை, ஐந்து. மேட்ச் ஆறு மணிக்குத் தொடங்கும். என் லைன்களோ ஏழு மணிவரை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

அக்காவைப் போனில் காக்கவைத்துவிட்டு ஊர்ஸுக்கு எடுத்தேன். கிடைக்கவில்லை. மலைரயில் எந்தச் சுரங்கத்துக்குள் போனதோ. திரும்பத் திரும்ப எடுத்தேன். பிறகு அக்காவிடம் விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப மாத்தன்."

"கேக்காமல் மாத்தினால் வேலை போயிடும், அக்கா."

"மாத்தாட்டிலும் போகும். எனக்கு பிரேக் முடியுது, நீ மாத்திப்போட்டு அழு."

மாற்றினேன். மூடும் நேரம் எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு இழுத்தேன். வாடிக்கையாளர்களுக்குத் தகவலும் அனுப்பினேன். ஊர்ஸுக்கும் எழுதினேன். அது போய்ச் சேரவில்லை.

ஆறு மணி தாண்டியதும் அவரே எடுத்தார். "ரஜி, கஸ்டமர் ஒருத்தர் எனக்குக் கத்துறார், லைன் எல்லாம் பூட்டிக் கிடக்காம். ஆரைக் கேட்டனீர்?"

"மேட்ச் தொடங்கிட்டுது, ஊர்ஸ்."

"இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு."

"இல்லை. எங்கட ஏழரை மேட்சில முதல் உதையைப் பிடிச்சவன் அப்பிடியே கடைசிமட்டும் ஓடி டச்டவுன் போட்டிட்டான். அதுவும் சின்ன அணிக்காரன்."

அக்காவின் பிரேக் கதையைச் சொன்னேன்.

"உம்மட அக்காவுக்கு," என்றார் கடைசியில், "வேலை ஏதும் வேணுமோ?"

புரோபெட்சைட் அதோடு முடிந்தது. இப்போது அந்த மேசைக்கு நான்தான் பொறுப்பு. நேரத்தை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. இருந்தாலும் புதிதாக வருபவர்களிடம் சொல்வேன்: கூட்டச் சொன்னதைக் கூட்டுங்கள், ஆனால் அங்கே இருக்கும் ஒருவரிடம் நேரம் என்ன என்றும் கேளுங்கள்.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டா. பிரேக் இல்லாததால் நினைத்த நேரத்தில் எடுக்கிறா, சமைக்கும்போதும் எடுக்கிறா. ஒக்டோபர் கடைசி ஞாயிறு மட்டும் அங்கே பத்து அடிக்க என் போன் அடிக்கும். சுகம் விசாரிப்பது கிடையாது.

"பூட்டிப்போட்டியோ?"

"ஓம், அக்கா."

"சரி, தேத்தண்ணியைப் போடு."