தலைவலி என்று அவள் சொன்னாள்

அவள் என்னிடம் சொன்னாள். ஒரு தடவை அல்ல, பல தடவை சொன்னாள். ‘அவள் ஒன்றுமே சொல்லவில்லை’ என்று மருத்துவரிடம் நான் பொய் சொன்னேன்.

இதைவிடச் சுருக்கமாக என் குற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதி முடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது... நீங்கள் முகம் சுளித்து என்னைப் பார்ப்பதுபோல இருக்கிறது. பாருங்கள். இத்தனை நாளாக யாரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை என்பதுதான் பெரிய தண்டனை!

அவள் என் தம்பியின் மனைவி சுகந்தி. தம்பி குமரன் பெங்களூருக்கு வேன் ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அதனால் கல்யாணமானதும் இருவரும் என் வீட்டு மாடி அறைக்கே குடிவந்துவிட்டார்கள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் டிபன் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. என் கணவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். மற்றதெல்லாம் நான்.

சுகந்தி உண்டானதைக் குமரனுக்கு முன்பே என்னிடம்தான் சொன்னாள். “அண்ணி, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் மகிழ்ந்தேன்... பொய்யில்லை. அதையாவது நம்புங்கள்.

ஏழாம் மாதம் முடியப்போகும் சமயத்தில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

“அண்ணி, தல விண்ணு விண்ணுனு தெறிக்குது. நேத்துல இருந்தே விடல.”

“வெயிலு சுகந்தி. மோர் குடிச்சிட்டு செத்த நேரம் படு” என்றேன். நானே தைலம் தேய்த்தும் விட்டேன். முதல் நாள் நான் நல்லவளாகத்தான் இருந்தேன்!

மறுநாளும் வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த நாளும். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் விடுகிறது, பிறகு வருகிறது என்றாள். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஒரு காலை நேரத்தில் விரலை நீட்டிக் காட்டினாள். மோதிரம் சதையில் புதைந்திருந்தது. “சோப்பு போட்டாக்கூட கழல மாட்டேங்குது அண்ணி.”

“புள்ளத்தாச்சிக்குக் கை வீங்காம வேற யாருக்கு வீங்கும்?” என்று சிரித்தேன்.

அவளும் கூடச் சிரித்தாள். வலியோடு சிரித்தாள் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு ஏன் தெரியவில்லை?

ஏன் தெரியவில்லை என்றால்... இங்கேதான் என் இன்னொரு அசிங்கத்தையும் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

என் மகள் வயிற்றில் இருந்தபோது நான் கிராமத்தில், மாமியார் வீட்டில் இருந்தேன். அது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை பிடுங்கும் காலம். விடிந்ததும் காட்டுக்குப் போக வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு, தலைவலி என்று படுத்துவிட்டேன். அந்த மனுஷி ஒரு கேள்வி கேட்கவில்லை. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டுத் தனியாகக் காட்டுக்குப் போனாள். எனக்கு ருசி கண்டுவிட்டது! அந்தப் பருவம் முழுக்க எனக்குத் தலைவலி. காய்ச்சல் என்றால் உடம்பு சுட வேண்டும். காயம் என்றால் ரத்தம் வர வேண்டும். தலைவலிக்கு எந்தச் சாட்சியும் வேண்டாம். வலிக்கிறது என்றால் வலிக்கிறது. அவ்வளவுதான்.

அப்படி நடித்தவள் நான். சுகந்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் எனக்கு அவள் தெரியவில்லை. துணி கட்டிப் படுத்திருந்த நான்தான் தெரிந்தேன்.

“ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா அண்ணி?” என்று அவள் கேட்டபோது, ‘அதானே பார்த்தேன்!’ என்றது என் மனம். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போகத்தான் இத்தனை நாள் அடிபோட்டிருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். வளைகாப்பு முடிந்து போகலாம் என்று தடுத்தேன். குமரனுக்குப் போன் செய்ய எடுத்தவளையும் தடுத்தேன்.

“வண்டி ஓட்டுறவன்கிட்ட இதையெல்லாம் சொல்லாத. ரோட்டுல கவலைய வெச்சுக்கினு ஓட்டணுமா அவன்? ஒரு தலவலிக்கு ஊரக் கூட்டுவியா?”

போனைக் கீழே வைத்துவிட்டாள். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை!

அந்த வாரம் அவளை மாதப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். பௌர்ணமியும் அந்த வாரம்தான் வந்தது. ஊரே மலையைச் சுற்ற வரும் நாள். கடையில் நிற்க நேரம் இருக்காது. “பௌர்ணமி முடியட்டும், போலாம்” என்றேன். சரி என்றாள். அவள் எதற்குத்தான் மறுத்தாள்?

பௌர்ணமியன்று மத்தியானமே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. முன்னால் என் கணவர் தோசைக்கல்லோடு போராடிக்கொண்டிருந்தார். பின்கட்டில் சுகந்தி உட்கார்ந்து பொட்டலத்துக்குச் சட்னி கட்டிக்கொண்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது. திடீரென்று கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணி... கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்குது. அந்தக் காலண்டர்ல எழுத்தே தெரியல. தல ரொம்ப ஜாஸ்தியா வலிக்குது அண்ணி. பயமா இருக்குது.”

பயமாக இருக்கிறது என்றாள். கர்ப்பிணிப் பெண், வயிற்றுப் பிள்ளையோடு, என் முகத்தைப் பார்த்து, பயமாக இருக்கிறது என்றாள்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நானும் புள்ள பெத்தவதான் சுகந்தி. இந்தத் தலவலியெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்.”

நான் அவளை நம்பவில்லை என்று அவள் புரிந்துகொண்டாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். வேலையை விட்டுப் போகிறாளே என்ற எரிச்சலோடு நான் சட்னிக் கரண்டியை எடுத்தேன்.

உள்ளே குடம் உருளும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன்... தரையில் கிடந்தாள். கண்கள் மேலே செருகியிருந்தன. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. நான் அலறிய அலறலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள்.

பௌர்ணமிக்குப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். ஆம்புலன்ஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்வதற்குள் அவளுக்கு இன்னொரு முறை வலிப்பு வந்துவிட்டது. முன் பின் தெரியாதவர்கள் கைகோத்து நின்று வழிவிட்டார்கள். யாரோ ஒரு அம்மாள் அவள் நெற்றியில் திருநீறு பூசினாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான். அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதை மட்டும்தான் பார்த்தார்கள்...

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும் மருத்துவர் வெளியே வந்தார். இளம் பெண். மூச்சு வாங்கக் கேட்டார்.

“பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. அதனாலதான் ஃபிட்ஸ். தலைவலி இருந்துச்சா? கண்ணு மங்குதுனு ஏதாவது சொன்னாங்களா? எத்தனை நாளா?”

என் பக்கத்தில் என் கணவர். எதிரே, சேதி கேட்டுத் தலைவிரி கோலமாக ஓடிவந்திருந்த சுகந்தியின் அம்மா. இருவரும் என் வாயையே பார்த்தார்கள்.

“இல்லைங்க டாக்டர். எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல.”

யோசித்துச் சொல்லவில்லை. யாரும் என்னை மிரட்டவும் இல்லை. நாக்கு தானாகப் புரண்டது... பழகிய நாக்கு அல்லவா!

“சொல்லியிருந்தா முன்னாடியே பார்த்திருக்கலாம்மா. பல பேருக்கு இந்தத் தலைவலிதான் எச்சரிக்கை” என்று சொல்லிவிட்டு மருத்துவர் உள்ளே போனார்.

அறுத்துத்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை. என் முழங்கை நீளம் இருக்குமா... கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் நெஞ்சு ஏறி இறங்குவதைக் குமரன் வந்து பார்த்தான். மறுநாள் அது நின்றுவிட்டது. துணியில் சுற்றிக் குமரனின் கையில் கொடுத்தபோது, “அக்கா... நீ வாங்கிக்க அக்கா, என்னால முடியல” என்று என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். எந்தக் கையால் வாங்கினேன் என்று கேட்காதீர்கள்!

சுகந்தி பிழைத்துக்கொண்டாள். கண் விழித்துத் தெளிவாகப் பேசச் சில நாளாயிற்று. வலிப்புக்கு முந்தைய நாட்கள் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. சிலருக்கு அப்படி ஆகும் என்றார்கள். கட்டிலில் படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“எல்லாம் பொகை மாதிரி இருக்குது அண்ணி. நான் உங்ககிட்ட தல வலிக்குதுனு சொன்னேன் இல்ல?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா வெடித்தாள். “எங்கடி சொன்ன? சொல்லியிருந்தா உங்க அண்ணி உன்னத் தூக்கினு ஓடியாந்திருக்க மாட்டாங்களா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?”

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்களில் சந்தேகம் இல்லை. கெஞ்சல் இருந்தது. ‘சொன்னேன் என்று சொல்லுங்களேன்’ என்று கெஞ்சுகிற கண்கள்... ஒரு வார்த்தை. ‘ஆமாம்’ என்ற ஒரே வார்த்தை போதும், அவள் விடுதலையாகியிருப்பாள்.

“கனவு கண்டிருப்பம்மா. தூங்கு” என்றேன்.

முதல் பொய்யாவது பயத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது பொய்? அவளுக்கு மிச்சமிருந்த ஒரே உண்மையை நான் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

அன்றிலிருந்து பழி அவளுடையது. தெருவில் எந்தப் பெண் உண்டானாலும் சுகந்தி போய் உட்கார்ந்து சொல்கிறாள்: “தல வலிச்சா வாயத் தொறந்து சொல்லிடுங்க. நான் சொல்லாம இருந்துதான் எம்புள்ளயப் பறிகொடுத்தேன். எங்க அண்ணி இல்லனா நானும் போயிருப்பேன்.” அந்தப் பெண்கள் என்னைக் கடையில் பார்க்கும்போது மரியாதையாகச் சிரிக்கிறார்கள். நானும் பதிலுக்குச் சிரிக்கிறேன்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த குமரன் தட்டைத் தள்ளிவிட்டு அவளிடம் கத்தினான். “ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி?” அவள் தலை குனிந்து அழுதாள். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். “சோறு மேல கோவத்தக் காட்டாதடா” என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது!

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தம்பி என்னை விட்டுப் போய்விடுவான் என்று பயம். குடும்பம் உடையும் என்று ஒரு சாக்கு. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இன்னொரு சாக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நல்லவள் என்ற பெயர். அதை விட மனமில்லை. ஒரு பிள்ளையின் மரணத்தின் மேல் நின்றுகொண்டிருக்கும் பெயர்...

இப்போது சுகந்தி மறுபடியும் உண்டாயிருக்கிறாள். தாய் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள். “அண்ணிகூட இருந்தாத்தான் எனக்கு பயம் இல்ல” என்றாள்.

போன வாரம் பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப்போனேன். இந்த முறை வேறு மருத்துவர். வயதானவர். பழைய விவரங்களைக் கேட்டார்.

“போன தடவை தலைவலி எப்ப ஆரம்பிச்சுது? தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்.”

“தெரியலைங்க டாக்டர். நான் யார்கிட்டயும் சொல்லல. என் தப்புதான்” என்றாள் சுகந்தி, பாடம் ஒப்பிப்பதுபோல.

மருத்துவர் பேனாவை மூடப்போனார். என்னால் தாங்க முடியவில்லை.

“ஏழாம் மாசம் முடியறப்பவே ஆரம்பிச்சுது டாக்டர். மாத்திரை போட்டா கொஞ்சம் விடும், திரும்ப வரும். வெளிச்சம் பட்டா கண்ணு கூசிச்சு. கை வீங்கி மோதிரம் கழலல.”

மருத்துவர் எழுதிக்கொண்டார். சுகந்தி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை... ஆட்டோவில் வீடு வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிப் பேசவில்லை. குமரனிடமும் பேசவில்லை. எனக்கு அது தெரியும். அவன் வழக்கம்போலத்தான் என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுகிறான்.

அவளுக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது? எல்லாம் ஞாபகம் வந்துவிட்டதா? கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்று காலை நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் இறங்கி வந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணி, தல லேசா வலிக்குது.”

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அவள் நகரவில்லை.

“சொல்லிட்டேன் அண்ணி. கேட்டுச்சு இல்ல?”

“கேட்டுச்சும்மா.”

பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துவந்து அவள் கையில் பட்டையைச் சுற்றினேன். அளவு சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை பார்த்தேன். அப்போதும் சரியாக இருந்தது. “ஒண்ணும் இல்ல, நல்லா இருக்குது. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்” என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். நான் பட்டையைக் கழற்றி முடிக்கும்வரை அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.